ஆறு வயதுப் பல்

பல் வெளியே வந்த பிறகுதான் பஞ்சு அதன் வேரைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விழுகிற வயசில் இருக்கும் பால் பல் என்றால் வேர் பாதி கரைந்து, எலி கடித்துப் போட்ட மாதிரி இருக்கும். இதற்கு இரண்டு நீள வேர்கள், இரண்டும் முழுசாக, நுனி மட்டும் இன்னும் மூடாமல் திறந்திருந்தது. வளர்ந்துகொண்டிருக்கிற வேர். சாகிறவரை இருக்கவேண்டிய பல்.

நாற்காலியில் தலையணைமேல் சாய்ந்திருந்த சிறுமி வாயைத் திறந்தபடியே கண்ணை உருட்டி, முடிந்துவிட்டதா என்று பார்வையாலேயே கேட்டாள். ஏழு முடிந்து எட்டு நடக்கிற பெண். பல் முகாமுக்காக டீம் விடுதிக்கு வந்த முதல் நாளிலிருந்து பஞ்சுவின் பின்னாலேயே திரிந்ததாலும், போன இடத்திலெல்லாம் எதையாவது இழுத்துக் கவிழ்த்ததாலும், அவளுக்கு வாலு என்று பெயர் வைத்திருந்தார்கள். வாலுவின் பாஷை பஞ்சுவுக்குத் தெரியாது. பஞ்சுவின் பாஷை வாலுவுக்குத் தெரியாது. அதனாலேயே இரண்டு பேருக்கும் சண்டை வர வழியில்லாமல் மூன்று நாள் நன்றாகப் போயிருந்தது.

கல்லூரியில் குழந்தைகள் பல் வைத்தியம் எடுத்த மேடம் இந்தப் பல்லைப் பற்றி ஒரு வகுப்பு முழுக்கப் பேசியிருக்கிறார். ஆறு வயசில் ஒரு கடைவாய்ப்பல் வரும். எந்தப் பல்லும் விழாமல், பால் பற்களுக்குப் பின்னால் சத்தம் போடாமல் வந்து நிற்கும். "அம்மாங்க அதையும் பால் பல்லுன்னு நெனைச்சு, விழுந்து முளைக்கும்னு விட்டுடுவாங்க. நீங்க அம்மாங்க இல்ல, டாக்டருங்க." வகுப்பே சிரித்தது. பஞ்சுவும்தான் சிரித்தாள். அதே வகுப்பில்தான் இன்னொன்றும் சொன்னார். தவறி எடுத்துவிட்டால் உடனே அதே குழியில் வைத்து அழுத்திக் கட்டிவிடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்குப் பிடித்துக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு என்றார்.

அதுவும் பஞ்சுவுக்கு அந்த நொடியில் ஞாபகம் வந்தது. பிறகு அவளைப் போட்டு வதைத்தது அதுதான். மறந்து தொலைத்திருந்தால் மறந்துவிட்டேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அடுத்த நாற்காலியில் டீம் லீடர் அண்ணன் ஒரு பையனின் வாய்க்குள் குனிந்திருந்தார். "அண்ணா, இங்க கொஞ்சம் வாங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுத்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். டார்ச் பிடித்திருந்த ஜூனியர், வரிசையில் நின்ற பிள்ளைகள், வாசலில் நின்ற வார்டன், எல்லோரும். கூப்பிடத் திறந்த வாயைப் பஞ்சு மூடிக்கொண்டாள். பிளீச்சிங் தண்ணீர் ஊற்றிவைத்த பேசினுக்குள், காலையிலிருந்து எடுத்த பற்களோடு அந்தப் பல்லையும் போட்டாள். பஞ்சுத் துண்டை மடித்துக் குழியில் வைத்து, கடித்துக்கொள் என்று சைகை காட்டி, கன்னத்தில் தட்டி, சட்டையில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினாள். வாலு பரேடில் பதக்கம் வாங்கியவள் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிக்கொண்டே போனாள்.

ஒன்பது பேர் வந்திருந்தார்கள். பல் மருத்துவக் கல்லூரியின் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம், பத்து நாள் மிஷன் ட்ரிப், கடல் தாண்டி ஒரு குழந்தைகள் விடுதி. காலையில் சாப்பாட்டு அறையில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுப் பல் முகாம். மத்தியானம் பாட்டு, பொம்மலாட்டம், கைவேலை. சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அன்றைக்குக் கிடைத்த ஆசீர்வாதத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பஞ்சு கடைசி வருஷம். முதல் வருஷத்தில் ரத்தத்தைப் பார்த்து மயங்கியபோது, கையிலிருந்த பஞ்சுருண்டையை விடாமல் பிடித்துக்கொண்டே விழுந்தாள். அன்று வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மகள் ஊழியத்துக்குப் போகிறாள் என்று அவளுடைய அம்மா எட்டு மாதமாக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்திருந்தாள். சபையில் எழுந்து நின்று சொல்லவும் சொல்லிவிட்டாள். அம்மா எதையும் சின்னதாகச் செய்கிற ஆளில்லை.

தப்பு நடந்த விதம் ரொம்பச் சாதாரணமானது. முதல் நாள் ஒரு ஜூனியர் எல்லாப் பிள்ளைகளின் வாயையும் பார்த்துக் காகிதத்தில் எழுதினாள். வாலுவின் காகிதத்தில், இடது கீழ்த்தாடை, இரண்டாவது பால் கடைவாய்ப்பல், சொத்தை, எடுக்கவும் என்று இருந்தது. சரியாகத்தான் எழுதியிருந்தாள். ஆனால் முதலாவது பால் கடைவாய்ப்பல் எப்போதோ விழுந்து, மற்றவை நகர்ந்து, அந்த இடமே மூடிப்போயிருந்தது. பஞ்சு கோரைப்பல்லிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். இரண்டாவதாக நின்றது ஆறு வயசுப் பல். அதன் நடுவில் ஒரு பழுப்புக் கோடு இருந்ததும் வசதியாகப் போயிற்று. உண்மையான சொத்தை அதற்கு முன்னால் நின்ற பால் பல்லின் பக்கவாட்டில், இரண்டுக்கும் இடையில் ஒளிந்திருந்தது. பக்கத்து அறையில் மத்தியானப் பாட்டுக்கு அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தடவை எண்ணுவதற்குப் பத்து நொடி ஆகியிருக்கும்.

அன்று சாயங்கால வட்டத்தில் அவள் முறை வந்தபோது, "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம்" என்று சொல்லி அடுத்தவளிடம் தள்ளிவிட்டாள். கூட்டம் கலைந்ததும் லீடர் அண்ணன் தட்டு கழுவப் போனார். அவர் பல் டாக்டர், அதே கல்லூரியின் பழைய மாணவர். அவரவர் தட்டை அவரவர்தான் கழுவ வேண்டும் என்று சட்டம் போட்டவர். பஞ்சு பின்னாலேயே போய்க் குழாயடியில் நின்றாள்.

"அண்ணா, வாலுவுக்குத் தப்பான பல்ல எடுத்துட்டேன். ஆறு வயசுப் பல்."

அவர் கை நின்றது. "உடனே திருப்பி வச்சியா?"

"இல்லண்ணா."

"பல் எங்க?"

"பேசின்ல போட்டுட்டேன்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சேதான் போட்டேன்."

அவர் குழாயை மூடினார். கோபப்பட்டிருந்தால் பஞ்சுவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடு அதுதான் சிக்கல். கையைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் கை தவறியிருக்கு. ஆண்டவர்கிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

"சொல்லிட்டேன்."

"அப்போ அவர் மன்னிச்சுட்டார். நீ அதையே பிடிச்சுக்கிட்டுத் தொங்காத."

"வார்டன் ஆன்ட்டிகிட்ட சொல்லணும்ணா. பன்னெண்டு வயசுல பின்னாடி அடுத்த பல் வரும். அது சாஞ்சு வருதா, நேரா வருதான்னு வருஷா வருஷம் பாக்கணும். சொல்லாமப் போனா யார் பாப்பா?"

"சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? இங்க பல் முகாம் நடத்த பர்மிஷனுக்கு நாலு வருஷம் அலைஞ்சோம். படிக்கிற பசங்க வந்து பிள்ளைங்க வாயக் கெடுத்துட்டாங்கன்னு ஒரு லெட்டர் போனா போதும், இழுத்து மூடிடுவாங்க. நூத்திப்பத்து பிள்ளைங்க. பக்கத்துல பல் டாக்டர்னா பஸ்ல அஞ்சு மணி நேரம். ஒரு பல்லா, நூத்திப்பத்து வாயா?" அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. "ஜெபிக்கலாம். காலைல பேசலாம்."

ஐக்கியத்தில் 'ஜெபிக்கலாம்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்குமேல் வாயைத் திறந்தால் ஜெபத்தில் நம்பிக்கை இல்லாதவள் என்று ஆகிவிடும். பஞ்சு தலையாட்டிவிட்டு வந்து படுத்தாள்.

காலையில் வாலு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். வலி போகவில்லை, எப்படிப் போகும், வலிக்கிற பல் உள்ளேயே இருக்கிறதே. அவள் முகத்தில் புகார் எதுவும் இல்லை. அக்காவிடம் வந்தாயிற்று, இனி அக்கா பார்த்துக்கொள்வாள் என்ற தைரியம்தான் இருந்தது. லீடர் அண்ணன் வந்து வாய்க்குள் பார்த்தார், பஞ்சுவைப் பார்த்தார், தானே ஊசி போட்டு அந்தப் பால் பல்லை எடுத்தார். அதன் வேர் பாதி கரைந்து, எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. இனி யார் பார்த்தாலும் அந்த இடத்தில் ஒரு பெரிய சந்து தெரியும், அவ்வளவுதான். காகிதத்தில் எழுதியிருந்த பல் எடுக்கப்பட்டுவிட்டது. வலியும் போய்விடும். விஷயம் பூசி மெழுகினாற்போல் ஆகிவிட்டது. பஞ்சுவுக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது, அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் நாற்காலியை விட்டு இறங்கிய வாலு ஸ்டிக்கருக்காகப் பல்லை எடுத்தவரிடம் போகவில்லை. நேராகப் பஞ்சுவிடம் வந்து சட்டையை இழுத்துப் பிடித்துக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு ஆறு நாள். பாட்டுக்குப் பாட்டு, பொம்மைக்குப் பொம்மை, வாலு அவள் பக்கத்தில்தான். சாப்பாட்டில் வலது பக்கமாகவே மெல்லப் பழகிவிட்டாள். பஞ்சு அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் தட்டை அப்படியே வைத்துவிடுவாள். அம்மா போனில், "எத்தனை பிள்ளைங்களுக்கு ஊழியம் செஞ்சீங்க? நான் சபையில சொல்லணும்" என்று கேட்டாள். பஞ்சு ஏதோ ஒரு எண்ணைச் சொன்னாள். லீடர் அண்ணன் காலையில் பேசலாம் என்றவர், எந்தக் காலை என்று சொல்லவில்லை.

கடைசி நாள் முற்பகல் சாட்சிக் கூட்டம். சாப்பாட்டு அறையில் பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். டீமில் ஒவ்வொருவரும் எழுந்து, இந்தப் பத்து நாளில் ஆண்டவர் தனக்குச் செய்ததை மைக்கில் சொல்ல வேண்டும். வார்டன் ஆன்ட்டி அதைப் பிள்ளைகளின் பாஷையில் சொல்வார். அவர் நர்ஸ். இவர்கள் நாட்டில் நான்கு வருஷம் படித்தவர் என்பதால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. வருஷத்துக்கு இரண்டு டீமாவது பார்க்கிறவர். ஜூனியர் ஒருத்தி அழுதுகொண்டே பன்னிரண்டு நிமிஷம் பேசினாள். ஆன்ட்டி மூன்று வாக்கியத்தில் முடித்தார். அடுத்தவன் கூச்சப்பட்டு இரண்டே வரியில் உட்கார்ந்தான். அதற்கும் அதே மூன்று வாக்கியம். கடைசி வார்த்தை கைதட்டுங்கள் என்பதாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அது வந்ததும் கூரை அதிரும். ஐந்தாவது ஆளுக்குள் பஞ்சுவுக்கே அந்த மூன்று வாக்கியமும் காதில் பாடமாகிவிட்டது.

அவள் முறை கடைசி. எழுந்தபோது என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் இங்க ஒரு தப்பு பண்ணிட்டேன். ஒரு பிள்ளையோட நல்ல பல்ல எடுத்துட்டேன். அது திரும்ப முளைக்காது. தெரிஞ்சதும் அத மறைச்சுட்டேன். என்ன மன்னிச்சிடுங்க."

லீடர் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வார்டன் ஆன்ட்டி பஞ்சுவின் முகத்தையே பார்த்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, அதே மூன்று வாக்கியத்தை, அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். கூரை அதிர்ந்தது. இரண்டாவது வரிசையில் வாலு முழங்காலில் எழுந்து நின்று, கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தட்டினாள்.

கூட்டம் முடிந்து பெட்டிகளை வேனில் ஏற்றத் தொடங்கினார்கள். பஞ்சு சமையலறைக்குப் பின்னால் ஆன்ட்டியைத் தேடிப் பிடித்தாள். அவர் ஈரத் துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, நான் சொன்னத நீங்க சொல்லல."

"சொல்லல."

"ஏன் ஆன்ட்டி?"

"நாப்பது பேருக்குப் பல் எடுத்திருக்கீங்க. அத்தன பேரும் இன்னிக்கு ராத்திரி வாய்க்குள்ள விரல விட்டுப் பாத்துப் பாத்து அழுவாங்க. நீங்க வண்டி ஏறிடுவீங்க. தூங்க வைக்கிறது யாரு?"

பஞ்சு அதை யோசிக்கவே இல்லை. தன் பயத்தைத் தாண்டி அவளுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார் ஆன்ட்டி, துணியை உதறியபடி. "வாசல்லதானே நின்னேன். பல்லப் பாக்கல, உன் மூஞ்சியப் பாத்தேன். மறுநாள் டாக்டர் தம்பி வந்து இன்னொண்ணு எடுத்தப்போ மிச்சமும் புரிஞ்சுபோச்சு. ஆறு நாளா பாத்துக்கிட்டே இருந்தேன், இந்தப் பொண்ணு எப்ப வந்து வாயத் தொறக்கும்னு. கடைசில மைக்கப் பிடிச்சுச் சொல்ற."

"எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"பல்லு யாரோடது?"

பஞ்சு இரவு எழுதிவைத்திருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். எந்தப் பல் எடுக்கப்பட்டது, எந்த வயசில் எதைப் பார்க்க வேண்டும், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. கீழே தன் பெயரும் கல்லூரிப் பெயரும் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். ஆன்ட்டி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"பன்னெண்டு வயசுல. நீ வருவியா?"

வருகிறேன் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. "தெரியல ஆன்ட்டி."

"பரவால்ல. வர்றேன்னு சொல்லாம போற மொத ஆள் நீதான்." காகிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகினார். "நான் கூட்டிட்டுப் போறேன். அஞ்சு மணி நேரம் பஸ்தானே. இத மேலிடத்துக்கு எழுதி அனுப்புறதா வேணாமான்னு உங்க டாக்டர் தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன். இப்ப அவகிட்ட சொல்லு. நீ சொல்லு, நான் அவ பாஷையில தர்றேன். இந்தத் தடவ கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

வாலுவைத் தேட வேண்டியிருக்கவில்லை. வேனுக்கும் சமையலறைக்கும் நடுவில் பஞ்சுவின் தோள்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஆன்ட்டி கூப்பிட்டதும் ஓடி வந்தாள். பஞ்சு துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தாள். இரண்டு பேரின் முகமும் ஒரே உயரத்துக்கு வந்தது.

"அன்னிக்கு நான் எடுத்தது வலிக்கிற பல் இல்ல. நல்ல பல்."

ஆன்ட்டி சொன்னார். வாலு சிரித்தாள். அக்கா விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பாள்.

"நான் சரியா எண்ணல. அவசரத்துல எடுத்துட்டேன். உடனே திருப்பி வச்சிருக்கலாம். வச்சிருந்தா ஒட்டியிருக்கும். யாராவது பாத்துடுவாங்கன்னு பயந்து, தூக்கிப் போட்டுட்டேன்."

ஆன்ட்டி அந்த இடத்தில் ஒரு விநாடி நின்று பஞ்சுவைப் பார்த்தார். இது அவருக்கும் புதுச் செய்தி. பிறகு ஒரு வார்த்தை விடாமல் சொன்னார் என்பது வாலுவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சிரிப்பு ஒரேயடியாகப் போகவில்லை. கண்ணிலிருந்து முதலில் போனது, உதட்டில் கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. அவள் கேட்ட கேள்வி சின்னது.

"திரும்ப முளைக்குமான்னு கேக்குறா."

"முளைக்காது."

இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வாலு தோள்பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். அழுவாள் என்று பஞ்சு நினைத்தாள். ஓடிவிடுவாள் என்றும் நினைத்தாள். கட்டிப் பிடித்துக்கொள்வாள் என்றும், வெட்கமில்லாமல், நினைத்தாள். வாசலில் வேன்காரர் ஹார்ன் அடித்தார். யாரோ பஞ்சுவின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். வாலு இரண்டு வார்த்தை சொன்னாள்.

"உன் வாயத் தொறக்கச் சொல்றா" என்றார் ஆன்ட்டி.

பஞ்சு திறந்தாள். வாலு அவள் தாடையை இடது கையால் பிடித்து, வெளிச்சத்துக்காக முகத்தை வெயில் பக்கம் திருப்பினாள். ஆட்காட்டி விரலை உள்ளே விட்டு, முன்பல்லிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பல்லாகத் தொட்டு, தன் பாஷையில் எண்ணிக்கொண்டு போனாள். அவசரப்படவில்லை. ஓரிடத்தில் சந்தேகம் வந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். விரலில் மண் வாசனையும் சோப்பு வாசனையும் இருந்தது. கடைவாயில், இடது பக்கம், கீழே, தன் வாயில் இல்லாத அந்தப் பல் வந்ததும் விரல் நின்றது. அது ஆடுகிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். ஆடவில்லை, உறுதியாக இருந்தது. ஹார்ன் இன்னொரு தடவை கேட்டது. பஞ்சுவின் வாய் ஓரத்தில் எச்சில் வழிந்து கழுத்தில் இறங்கியது, துடைக்கக் கை போகவில்லை. வாலு அந்தப் பல்மேல் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, எடுக்காமல், அவள் கண்ணையே பார்த்தபடி நின்றாள்.